கார்டிசால் ஆர்.ஐ.ஏ. கிட்: பூச்சு டியூபின் பலமும் கடைசிச் சொட்டும்

ஆர்.ஐ.ஏ. (ரேடியோ இம்யூனோ அஸ்ஸே) என்பது கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனையும் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளையும் (ஆன்டிபாடி) வைத்து ரத்தத்திலுள்ள ஹார்மோனை அளக்கும் முறை. அதில் பெரிய தலைவலி பிரிப்பதுதான். எதிர்ப்பொருளில் ஒட்டிய கதிரியக்க ஹார்மோனையும் ஒட்டாமல் மிதப்பதையும் பிரித்த பிறகே எண்ண முடியும். 1960-ல் யாலோவும் பெர்சனும் இன்சுலினை அளந்தபோது இதற்காகக் காகிதத்தில் மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருந்தது. பின்னால் பி.இ.ஜி. (பாலிஎதிலீன் கிளைக்கால்) ஊற்றிப் படியவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றும் முறை வந்தது. பூச்சு டியூப் கிட்டில் எதிர்ப்பொருள் உட்சுவரிலேயே பூசப்பட்டிருக்கிறது. கவிழ்த்துக் கொட்டினால் போதும். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசாலுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது இந்த வகையைத்தான்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட் முழுதும் அறை வெப்பத்துக்கு வரட்டும். ஸ்டாண்டர்டு (கார்டிசால் அளவு தெரிந்த கரைசல்), கன்ட்ரோல் (சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் மாதிரி), சீரம் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு டியூபில் 20 மைக்ரோலிட்டர் விட்டு, அயோடின்-125 ஏற்றிய டிரேசர் (கதிரியக்கக் கார்டிசால்) 500 மைக்ரோலிட்டர் சேர்த்து, ஷேக்கரில் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம். கிட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. சீரத்தின் கார்டிசாலும் டிரேசரும் எதிர்ப்பொருளின் அதே சில இடங்களுக்குப் போட்டியிடுவதால், ஹார்மோன் ஏற ஏறக் கவுண்ட் (டியூபில் எண்ணப்படும் கதிரியக்கம்) இறங்கும். 20-ல் 1 மைக்ரோலிட்டர் பிசகினால் 5 சதவீதம் போய்விடும். பிப்பெட் டிப்பின் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விடாதீர்கள்.

ஆனால் இந்தக் கிட் காலை வாருவதும் கொட்டும் இடத்தில்தான். மொத்தக் கவுண்ட் 60,000, கார்டிசால் மிக அதிகமுள்ள உச்ச ஸ்டாண்டர்டில் ஒட்டியது 4,000 என்று வைத்துக்கொள்வோம். அடியில் 10 மைக்ரோலிட்டர் சொட்டு தங்கினால் அதிலேயே ஆயிரத்துக்கு மேல் கவுண்ட் இருக்கும். 4,000 என்பது 5,000 ஆகி, கார்டிசால் உண்மையைவிடக் குறைவாக விழும். டியூப்களை ஸ்டாண்டோடு கவிழ்த்து, உறிஞ்சு தாளில் சில நிமிடம் வடியவிட்டு, நன்றாகத் தட்டுங்கள். இரட்டை டியூப்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சொட்டைத்தான்.

டிரேசருக்கு வயது உண்டு. அயோடின்-125-ன் அரை ஆயுள் சுமார் 60 நாள். 30 நாளில் 70 சதவீதம்தான் மிஞ்சும். கவுண்ட் குறைவதை நேரம் கூட்டிச் சமாளிக்கலாம்: 1,000 கவுண்டில் புள்ளியியல் பிழை 3 சதவீதம், 10,000-ல் 1 சதவீதம். டிரேசரே சிதைந்து அயோடின் கழன்றுவிட்டால் இந்த வைத்தியம் உதவாது. கார்டிசாலே இல்லாத பூஜ்ய ஸ்டாண்டர்டில் ஒட்டும் விகிதம் சரிந்துகொண்டே வந்தால் அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓட்டும் ஆய்வகத்துக்கு இந்தக் கிட் கட்டுப்படியாகாது.

கிட் வாங்குமுன் கையேட்டில் குறுக்கு வினை (எதிர்ப்பொருள் வேறு பொருள்களையும் எவ்வளவு பிடிக்கும் என்ற) அட்டவணையைப் படியுங்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கார்டிசாலுக்கு மிக நெருங்கிய உருவம். பல எதிர்ப்பொருள்கள் அதையும் பிடித்துவிடும். அந்த மருந்து எடுப்பவரின் சீரத்தில் வரும் உயர்ந்த ரீடிங்கைக் கார்டிசால் என்று ரிப்போர்ட் செய்யக் கூடாது.