ஆட்டோ ரயிலுக்கு எந்த எஞ்சின்: 1400ஆ, 6400ஆ?

பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1932இல் ஏறத்தாழ ஒரே வேலைக்கு 1400, 6400 என்று இரண்டு சிறிய டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சின்) வகைகளைக் கட்டத் தொடங்கியது. கிளைப் பாதையில் ஒன்றிரண்டு பெட்டிகளை இழுத்துப் போவது, கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டாமல் அப்படியே தள்ளிக்கொண்டு திரும்புவது: இதுதான் ஆட்டோ ரயில். இரண்டுமே அந்த ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் காலெட் காலத்துத் தயாரிப்பு. பாய்லர் அழுத்தமும் இரண்டிலும் சதுர அங்குலத்துக்கு 165 பவுண்டுதான்.

1400 வகையின் (1946 வரை 4800) எடை 41 டன், இழுவிசை 13,900 பவுண்டு. 6400 வகைக்கு 45½ டன், 16,510 பவுண்டு. இந்த எண்களைப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில் ஈரத் தண்டவாளத்தில் கிளப்பினால் தெரியும். 6400இன் ஆறு சக்கரங்களுமே இழுப்பவை. மொத்த எடையும் அவற்றின் மேல்தான். 1400இல் நான்குதான் இழுக்கும், பின்ஜோடி சும்மா சுமக்கும். ஆக, பிடிமானத்துக்குக் கிடைப்பது 28 டன்னுக்கும் குறைவு. ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) சற்றே அவசரமாகத் திறந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும். தண்ணீர் குறையக் குறைய நிலைமை இன்னும் மோசம்: 1400இன் தொட்டி கொள்ளும் 800 காலன் என்பது மூன்றரை டன். 6400இல் 1,100 காலனும் தீர்ந்தால்கூட 40 டன்னுக்கு மேல் மிஞ்சும். சவுத் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் ஏற்றங்களுக்கு 6400 போனதில் வியப்பில்லை.

ஆனால் பாலம் தாங்க வேண்டுமே! பாதை தாங்கும் பளுவை இந்த ரயில்வே நிறத்தால் குறித்தது; மிக லேசான பாதைக்கு நிறமே கிடையாது. 1400இன் அச்சுப் பளு (ஓர் அச்சின் மேல் விழும் எடை) 14 டன்னுக்குள் அடங்குவதால் அந்த நிறமில்லாப் பாதைகளிலும் போகலாம். 6400 'மஞ்சள்' வகை, 16 டன் வரை தாங்கும் பாதை தேவை. டெவன் மாவட்டத்து ஹெமியாக் போன்ற இலகுரகக் கிளைகளில் 1400 நிலைத்ததற்கு இந்த லேசான உடம்பும் ஒரு காரணம். 5 அடி 2 அங்குலச் சக்கரம் என்பதால் சமதளத்தில் வேகமும் நன்றாகப் பிடிக்கும். 6400க்கு 4 அடி 7½தான்.

தள்ளும்போது டிரைவர் முன்பெட்டியில் இருப்பார். ஃபயர்மேன் தனியாக எஞ்சினில் நெருப்பையும் ரிவர்ஸரையும் (ஓடும் திசையை மாற்றும் கைப்பிடி) பார்த்துக்கொள்வார். பெட்டிகளின் அடியில் ஓடும் கம்பிகள் வழியாகவே ரெகுலேட்டர் இயங்கும். ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் தளர்ச்சி சேரும், கைப்பிடியும் கனக்கும். அதனால் ஒரு பக்கம் இரண்டு பெட்டிதான் வரம்பு. தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத்–சால்டாஷ் தடத்தில் நான்கு பெட்டி தேவைப்பட்டபோது 6400ஐ நடுவில் வைத்துப் பக்கத்துக்கு இரண்டாக மாட்டினார்கள். இதை 1400இடம் கேட்பது நியாயமில்லை.

பராமரிப்பில் என் ஓட்டு 6400க்கே. இரண்டிலும் சிலிண்டரும் வால்வு கியரும் (வால்வுகளை இயக்கும் தண்டுகள்) சட்டகத்துக்கு உள்ளேதான். 6400இன் தொட்டிகள் பொதிமாட்டு மூட்டைபோல் பாய்லரின் இருபுறமும் உயரத் தொங்குவதால் கீழே கை நுழைத்து எண்ணெய் விட இடம் உண்டு. 1400இன் பக்கத் தொட்டிகள் அந்த வழியை மறிக்கும்.

வேகமும் பிடிமானமும் சேர்ந்து வேண்டுமென்றால் அதே ரயில்வேயின் 5400 வகை இருந்தது: ஆறு இழுசக்கரம், 5 அடி 2 அங்குலம். கட்டியது 25, இன்று ஒன்றுகூட மிச்சமில்லை. 1400இல் நான்கும் 6400இல் மூன்றும் பிழைத்திருக்கின்றன.