அப்பாவின் குட்டிப் பிளேயரில் பாட்டு ஏற்றிய அனுபவம்

காலை நடையில் கேட்பதற்காக அப்பாவுக்குச் சென்னை ரிச்சி தெருவில் 1,400 ரூபாய்க்கு ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். ஒலி அருமை. பொத்தான்கள் பெரிசு, கண்ணாடி போடாமலே தடவிப் பார்த்து அமுக்கிவிடுகிறார். ஆனால் கணினியிலிருந்து பாட்டு ஏற்றத்தான் இரண்டு ராத்திரி போயிற்று.

முதலில் மெமரி கார்டையே அது கண்டுகொள்ளவில்லை. நான் போட்டது 64 ஜிபி. அந்த அளவு கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்க எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். இந்தப் பிளேயருக்கோ ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். பழைய போனில் கிடந்த 32 ஜிபி கார்டைப் போட்டதும் எடுத்துக்கொண்டது. அடுத்த சிக்கல், அப்பாவின் நாதஸ்வர சிடிக்களை நான் ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வகைக் கோப்புகளாகச் சேமித்திருந்தேன். பட்டியலில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

கைகொடுத்தது, ஃபிளாக்கை எம்பி3 ஆக மாற்றித் தரும் ஃப்ரீ:ஏசி என்ற இலவச மென்பொருள். ஃபோல்டரை இழுத்துப் போட்டு, அதில் லேம் எம்பி3 என்ற தேர்வை எடுத்து, ஒலித்தரத்தை 320 கேபிபிஎஸ் வைத்தேன். ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பிதான் வருகிறது. கலைஞர் பெயர், ஆல்பம் பெயர் எல்லாம் கூடவே வந்துவிட்டன. தாராளமாக நம்பிப் பயன்படுத்தலாம்.

ஒரே மனக்குறை, தமிழ்ப் பெயர்கள் பிளேயர் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. சென்னையில் விற்கும் பொருளில் தமிழ் எழுத்து இல்லாமல் இருக்கலாமா? ஒவ்வொரு கோப்புக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றினேன்.

நேற்று அப்பா பூங்காவில் இரண்டு சுற்று கூடுதலாக நடந்துவிட்டு வந்தார். "தோடி முடியட்டும்னு நடந்தேம்மா" என்றார்.