மூன்று இடம் மாறிய துப்பாக்கிப் பெட்டகம்: ஏழாண்டு அனுபவம்

மாமனார் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி சென்ற மாதம் என் சகலையின் உரிமத்துக்கு மாறியது. அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, "சகல, எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்குறது? இல்ல, பீரோவுலயே வச்சுப் பூட்டிட்டாப் போதாதா?" என்று கேட்டார். பீரோ போதாது, அதன் சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியும். கம்பெனியைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். பெட்டகத்தை எந்தச் சுவரோரம் நிறுத்துவது என்பதில் நான் பட்டது தொலைபேசியில் சொல்லி முடிகிற அளவில் இல்லை.

எங்கள் வீடு பாலமேட்டுப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. முன்பாதி தாத்தா கட்டிய காரைவீடு, பின்பாதி பிற்பாடு சேர்த்த கான்கிரீட் கட்டடம். துப்பாக்கியும் தாத்தாவுடையதுதான்: 12 போர் (bore, குழல் துளையின் அளவு), 30 அங்குலக் குழல், முழு நீளம் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. பெட்டகத்தை 2018இல் வாங்கினேன். எண் பூட்டு, நான்கு பேட்டரி, அவசரத்துக்கு ஒரு சாவி ஆகியவை இந்த வகைப் பெட்டகங்களில் வழக்கமாக இருப்பவையே.

முதலில் அதை முன்கூடமான பட்டாசாலையின் மூலையில் நிறுத்தினேன். இரவில் தோப்புப் பக்கம் பன்றி இறங்கினால் விரைவாக எடுக்கலாம் என்பது அப்போதைய எண்ணம். 2019 மாட்டுப்பொங்கலன்று, பாலமேடு சல்லிக்கட்டுக்கு வந்த உறவினரால் வீடு நிறைந்திருந்தபோது, பெட்டகத்திலிருந்து விட்டுவிட்டு ஒலி எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் நாற்காலியின் மேல் ஏறி நின்று எண்களை அழுத்திக்கொண்டிருந்தான். மூன்று முறை தவறாக அழுத்தியதால் பூட்டு தானாகவே இறுகியிருந்தது. பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைக் குழந்தையின் கண்ணிலும் கையிலும் படும்படி வைத்தது என் பிழை. தோட்டாக்களைத் தனி இரும்புப் பெட்டியில், தனிப் பூட்டிட்டு, வேறு அறையில் வைத்திருந்தேன் என்பது ஒன்றே அன்று எனக்கு ஆறுதல்.

அந்த வாரமே பெட்டகத்தை மாடிப்படிக்குக் கீழே மாற்றினேன். வெளியார் கண்ணில் படாது, கீழே கான்கிரீட் தளம் இருப்பதால் போல்ட்டும் நன்றாகப் பிடிக்கும் என்று கொத்தனாரும் சொன்னார், நானும் நம்பினேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருப்பதை நாங்கள் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எல்லாம் முடிந்தபின் திரும்ப வாங்குவது உரிமம் வைத்திருக்கும் அனைவரும் அறிந்த நடைமுறை. 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து சூன் மாதம் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. எண்ணெய் தடவி, துணி உறைக்குள் போட்டு, பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்தது மார்கழி தொடக்கத்தில். உறையை உருவியபோது துணி குழலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு குழல்களும் சேருமிடத்துக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்குச் செந்துரு. விரலால் தடவினால் மணல்போல நெருடியது. தாத்தா ஒவ்வோர் அமாவாசையும் துடைத்துவைத்த குழல் அது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் பிறகு விளங்கியது. குளியலறைச் சுவர் நாள்தோறும் நனைகிறது, பெட்டகத்தின் முதுகு அந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றிலும் ஈரம் ஏறுகிறது. இரவில் இரும்பு குளிரும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் இரும்பின் மேலேயே படிகிறது. துணி உறை அதைக் குடித்துக் குழலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைக்கவே கூடாது என்று பழுதுபார்த்தவர் கடிந்துகொண்டார். துருவை எடுத்துக் கருநீலப் பூச்சு மறுபடி போட்டுக் கொடுத்தார். பூச்சு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் சிறு குழிகள் இருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்றும் காணலாம்.

இப்போது பெட்டகம் காரைவீட்டின் உள்ளறையில், முன்பு நெல் குதிர் நின்ற மூலையில் இருக்கிறது. அதன் இரண்டு சுவர்களும் வீட்டின் நடுச்சுவர்கள்; மழையும் வெயிலும் நேரே படாதவை. பழைய காரைத் தரையில் போல்ட் பிடிக்காமல் உதிரும் என்பதால், தரையை ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் விட்டு, அதன்பின் இறுக்கினோம். சுவரில் போல்ட்டை முழுத் தடிமனுக்கும் ஊடுருவவிட்டு, மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம். அடியில் ரப்பர் கட்டைகள், முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மாடிப்படிக்குக் கீழே இருந்தபோது, ஈரத்தை உறிஞ்ச உள்ளே போடும் நீலச் சிலிக்கா மணிகள் மூன்றே வாரத்தில் வெளிறிச் சிவந்துவிடும். இங்கே கார்த்திகை மழை முழுவதும் நீலமாகவே இருந்தன. இந்த இடத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். எடுக்க இரண்டு நிமிடம் கூடுதலாகிறது என்பதை நான் குறையாகக் கருதவில்லை. துப்பாக்கியை அவசரமாக எடுக்கும்படி வைக்கவே கூடாது.

பெட்டகத்தையும் குறைசொல்ல முடியாது. ஏழாண்டில் பூட்டு ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. பேட்டரியை ஆண்டுதோறும் பொங்கலுக்கு மாற்றிவிடுகிறேன். அவசரச் சாவி வங்கி லாக்கரில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் எண் பூட்டு இருந்தும் பயனில்லை.

ஆயினும் இதையே வாங்கலாமா என்றால் வேண்டாம் என்பேன். வீட்டிலேயே உலர்ந்த மூலை இது ஒன்றுதான்; இங்கே இடப்புறம் சுவர் வருகிறது, பெட்டகத்தின் கீலும் இடப்புறம். கைப்பிடி சுவரில் முட்டுவதால் கதவு முழுதாகத் திறப்பதில்லை. துப்பாக்கியைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் மரக்கட்டை அடிப்பக்கம் பெட்டக விளிம்பில் உரசுகிறது, தாத்தாவின் கைபட்டு மெருகேறிய மரத்தில் இப்போது வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. வலப்புறம் நகர்த்த நிலைக்கதவு இடம் தரவில்லை. இதைவிட வருத்தம், பூட்டு விளிம்பு சுவரை ஒட்டியிருந்தால் கடப்பாரையை நுழைத்து நெம்ப இடமே இருந்திருக்காது. இங்கே அந்த விளிம்பு திறந்தவெளியைப் பார்த்து நிற்கிறது. வலப்புறக் கீலோடு கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். ஒரே மாதிரிதான் வரும் என்றார். இவ்வளவு நல்ல பூட்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கதவை இரண்டு விதமாகவும் மாட்டிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சகலைக்கு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்கு வருகிறேன். அவர் வீட்டில் குளியலறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, உலர்ந்த மூலையில் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று இருவரும் அளந்து பார்ப்போம். அதுவரை எந்தக் கடையிலும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.