உள்ளலைகளைத் தேடுவோருக்கு சென்டினல்-1 ரேடார் படங்கள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் என்பதால், நீரின் நிறத்தைப் பார்த்தே காற்றைக் கணிக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் எடுக்கும் ரேடார் படங்களை கோப்பர்னிகஸ் பிரவுசர் என்ற இலவச இணையச் சேவை வழியாக ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். கடலுக்குள் ஓடும் உள்ளலைகளைக் காண்பதற்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே இம்மதிப்பீட்டின் பொருள்.

மேலே கிடக்கும் வெதுவெதுப்பான, அடர்த்தி குறைந்த நீரும் அடியில் உள்ள குளிர்ந்த, அடர்ந்த நீரும் சந்திக்கும் எல்லையில் எழுபவை உள்ளலைகள். அந்தமான் கடலில் அவை 60 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவது அளந்தறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதே வேளையில் மேற்பரப்பில் ஏற்படும் ஏற்றம் படகில் இருப்பவருக்குத் தெரியாத அளவு சிறியது. அப்படியிருக்க, செயற்கைக்கோள் அவற்றை எப்படிப் பார்க்கிறது? உண்மையில் ரேடார் பார்ப்பது உள்ளலையை அன்று, காற்று எழுப்பிய சிற்றலைகளையே. சென்டினல்-1 பயன்படுத்தும் கதிரின் அலைநீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர், அக்கதிரைத் திருப்பி அனுப்புபவை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகள். உள்ளலை உண்டாக்கும் மேற்பரப்பு நீரோட்டம் ஓரிடத்தில் குவிந்து அச்சிற்றலைகளை நெருக்குகிறது, அடுத்த இடத்தில் விரிந்து அவற்றைத் தளர்த்துகிறது. நெருங்கிய இடம் படத்தில் வெண்பட்டையாகவும் தளர்ந்த இடம் கரும்பட்டையாகவும் விழுகின்றன.

எனவே எல்லாம் காற்றின் கையில் இருக்கிறது. வினாடிக்கு இரண்டு, மூன்று மீட்டருக்கும் குறைவாகக் காற்று வீசினால் நெருக்குவதற்குச் சிற்றலையே இராது. கடல் கண்ணாடிபோல் கிடந்து கதிரை வேறு திசைக்குத் தள்ளிவிட, படம் முழுவதும் கறுத்துப் போகும். எட்டு, பத்து மீட்டரைத் தாண்டினாலோ எங்கும் சிற்றலைகள் நிறைந்து, நீரோட்டம் உண்டாக்கிய வேறுபாட்டைக் காற்று உடனுக்குடன் நிரப்பி அழித்துவிடுகிறது. இப்படிக் கலைந்த சிற்றலைகள் தம் பழைய நிலைக்குத் திரும்பும் வேகமே தளர்வு வேகம். அதன் பங்கை ரேடார் ஆய்வாளர் வெர்னர் ஆல்பர்ஸ் 1985-இல் தம் கோட்பாட்டில் விளக்கினார். அந்தமான் கடலின் மார்ச் மாதப் படங்களில் அடுக்கடுக்காக வளைந்து சென்ற பட்டைகள், தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த ஜூலைப் படங்களில் எனக்குத் தென்படவே இல்லை. அலைகள் ஓய்ந்துவிட்டன என்று அதற்குப் பொருள் கொள்வது பெரும்பிழை. ஓதமே அவற்றைப் பிறப்பிக்கிறது, ஓதமோ பருவம் பார்த்து நிற்பதில்லை. படங்களில் பட்டைகளை எண்ணி, ‘இம்மாதத்தில் உள்ளலை அதிகம்’ என்று முடிவு கட்டுபவர்கள் பல வேளைகளில் காற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மெல்லிய காற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்வாழ் உயிரிகளின் எண்ணெய்ப்பசை நீரோட்டம் குவியும் இடத்தில் திரண்டு சிற்றலைகளை அடக்கிவிடுவதால், வெளிச்சமாக இருக்க வேண்டிய பட்டையே கறுத்துத் தெரியும். வெண்பட்டை முன்னும் கரும்பட்டை பின்னுமாகச் சென்றால் அது எல்லையைக் கீழ்நோக்கி அழுத்தும் அலை என்று படித்த விதியை அத்தகைய படத்தில் அப்படியே பொருத்தினால் விடை தவறாகிவிடும். எண்ணூர் அருகே 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததைப் பார்த்த எங்களைப் போன்றோருக்கு இது வெறும் பாடநூல் நுணுக்கம் அன்று. கசிந்த எண்ணெயும், காற்றற்ற நீரும், இயற்கைப் பசையும் ரேடாரில் ஒரே கருமையாகவே காட்சியளிக்கின்றன.

சேவையைப் பொறுத்தவரை, பதிவு செய்வது எளிது, கட்டணம் இல்லை, 250 கிலோமீட்டர் அகலப் படத்தை நாள்வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னைக் கரைக்கு மேல் செயற்கைக்கோள் காலை ஆறு மணியை ஒட்டியோ மாலை ஆறு மணியை ஒட்டியோ செல்கிறது. விடியலில் கரைக்காற்று பெரும்பாலும் மென்மையாக இருப்பதால், பிற்பகல் கடற்காற்றின் மிச்சம் வீசும் மாலைப் படங்களைவிட அந்நேரப் படங்களையே நான் முதலில் திறக்கிறேன். கடலுக்கென்று தயாரிக்கப்படும் இரண்டாம் நிலைத் தரவில், அதே ரேடார் படத்திலிருந்து கணிக்கப்பட்ட காற்றின் வேகமும் திசையும் கிடைக்கின்றன. பட்டைகளைப் பார்க்கும் முன் அதைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. காற்று மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் இல்லாத நாளின் வெற்றுப் படத்தை ‘அலை இல்லை’ என்று குறிக்காமல் ‘தெரியாது’ என்றே குறித்து வைக்கிறேன்.

எங்களுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் என்ற நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ரேடாரைச் சுமக்கிறது. அதற்கு உரிய சிற்றலைகள் நீளமானவை, மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புபவை. ஆகவே நீரோட்டத்தின் சுவடு அவற்றில் கூடுதலாக நிற்க வேண்டும் என்பது கோட்பாடு. அடுத்த மார்ச்சில் அந்தமான் கடலின் ஒரே பகுதியை இரண்டு ரேடார்களின் படங்களிலும் அருகருகே வைத்துப் பார்க்க எண்ணியுள்ளேன். அதுவரை சென்டினல்-1 படங்களை, பக்கத்தில் காற்றுத் தரவையும் திறந்து வைத்துக்கொள்ளும் பொறுமை உள்ள எவருக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.