டிடெக்டரோடு வயலில் இறங்கும் முன் எந்தப் பழைய மேப்? டைத் மேப்பும் ஆர்டினன்ஸ் சர்வேயும் ஓர் அலசல்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் திறந்து பார்ப்பது பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் விக்டோரியா காலத்து மேப்பைத்தான். இலவசம், துல்லியம், ஃபோனிலேயே பார்க்கலாம். நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் ஒரு விவசாயி தன் பண்ணை முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிட்டார், பத்து வயல்களில் எதில் முதலில் இறங்குவது என்று கேட்டால், அந்த முடிவை, தேவாலய வரிக் கணக்குக்காக ஊர் ஊராக வரைந்த டைத் மேப்பைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பேன். அது கைவிடும் இடங்களும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் ஆர்டினன்ஸ் சர்வே. அவர்கள் வெளியிட்ட முதல் மேப் 1801-ல் வந்த கென்ட், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். நமக்கு அது போதாது. வேண்டியது மைலுக்கு 25 அங்குல மேப், அதாவது 1:2500. 1850-களில் தொடங்கி 1890-களுக்குள் பயிர் செய்யும் நிலம் முழுவதையும் அளந்து முடித்தார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இதை இன்றைய சாட்டிலைட் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கர்சரை ஒரு பக்கம் நகர்த்தினால் மறுபக்கமும் அதே இடத்தில் நகரும். இன்று ஒரே பெரிய வயலாகத் தெரிவது அன்று ஐந்தாறு துண்டுகளாக, நடுவில் புதர்வேலிகளோடு இருந்திருக்கும். அதன் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போகும், பக்கத்தில் எஃப்.பி. என்று எழுதியிருக்கும், அது ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை காணாமல்போன வேலியைக் கடக்கும் புள்ளி இருக்கிறதே, அங்கே மக்கள் ஏறி இறங்க ஒரு படிமரம் இருந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிய இடம், பையில் இருந்த சில்லறை விழும் இடம். அந்தப் புள்ளிக்கு ஃபோன் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு ஒரு சில மீட்டர் வித்தியாசத்தில் போய் நிற்கலாம். இந்த வசதியை வேறு எந்தப் பழைய மேப்பும் தராது.

அதன் குறை, அது பிந்தியது. அது வரையப்பட்டபோது பொது மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் வேலி போட்டுப் பிரிக்கப்பட்டாயிற்று, ரயில் வந்தாயிற்று, எத்தனையோ பழைய பாதைகள் அழிந்தாயிற்று. இன்னொன்று, எல்லோரும் பார்க்கும் மேப் இதுதான் என்பதால், அதில் கட்டடமாகத் தெரிந்து இன்று வயலாகிவிட்ட இடங்களில் ஏற்கெனவே நிறைய பேர் நடந்திருப்பார்கள். தவிர இடிந்த குடிசை நின்ற இடத்தின் நடுவில் ஆணியும் துருப்பிடித்த இரும்புமாக இருக்கும், பெரிய காயில் (டிடெக்டரின் நுனியில் தரையைத் தடவும் வட்டு) மாட்டியிருந்தால் விடாமல் கத்தும். அங்கே சின்ன காயிலை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும், அதைவிட வாசலில் இருந்து கிணறு வரை ஆட்கள் நடந்த பட்டையைத் தேடுவது மேல். கிணறு எங்கே என்று அந்த மேப்பே சொல்லும்.

இனி டைத் மேப். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகத்தைப் பணமாகக் கட்டும்படி 1836-ல் சட்டம் வந்தது. யார் எவ்வளவு கட்டுவது என்று கணக்கிட நிலம் அளக்க வேண்டியிருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு மேப்பும் ஒரு பட்டியலும் தயாரானது. மேப்பில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு எண் மட்டும் இருக்கும். பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் ஒரே வரியில் உடைமையாளர் யார், பயிரிடுபவர் யார், வயலின் பெயர் என்ன, உழுநிலமா புல்தரையா, எத்தனை ஏக்கர் என்று எல்லாம் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். நம் ஊர் புலப்படத்தையும் அடங்கலையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. ஆர்டினன்ஸ் சர்வே மேப்பில் வயலுக்குப் பெயர் கிடையாது. நான் டைத் பக்கம் சாய்வதற்குக் காரணமே இந்தப் பெயர்தான்.

'சேப்பல் ஃபீல்ட்' என்று ஒரு வயல், இன்று அங்கே தேவாலயத்தின் சுவடே இல்லை என்றால், அது போய்ப் பார்க்க வேண்டிய வயல். 'பிளாக்லேண்ட்ஸ்' என்றால் அடுப்புச் சாம்பலும் குப்பையும் சேர்ந்து கறுத்த மண்ணாக, பழைய குடியிருப்பு இருந்த இடமாக இருக்கலாம். 'செஸ்டர்' ஒட்டிய பெயர் ரோமானியத் தடயத்தைக் காட்டலாம். எல்லாமே 'லாம்' தான். 'ஃபேர் ஃபீல்ட்' சந்தை கூடிய இடமாகவும் இருக்கும், நல்ல வயல் என்ற பொருளில் வைத்ததாகவும் இருக்கும். 'பட்ஸ்' என்றதும் வில்வித்தை பழகிய இடம் என்று சிலர் குதிப்பார்கள், பாதி நேரம் அது உழவில் மிஞ்சிய குட்டையான துண்டு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் இன்னொரு சாட்சியும் தேட வேண்டும்: இரண்டு மூன்று பாதைகள் அந்த வயலில் வந்து கூடுகின்றனவா, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா, தேவாலயம் எவ்வளவு தூரம்.

உழுநிலமா புல்தரையா என்ற கட்டமும் சும்மா இல்லை. 1840-ல் புல்தரையாக இருந்து சமீபத்தில்தான் உழத் தொடங்கிய வயலில் நாணயங்கள் அவ்வளவாக அடிபட்டிருக்காது, கலப்பையும் ரசாயன உரமும் அவற்றைக் கொஞ்ச காலம்தான் தொட்டிருக்கும்.

டைத் மேப் கைவிடும் இடம் இது: இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பரப்பில் சுமார் நான்கில் மூன்று பங்குக்குத்தான் அது இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டம் போட்டு முன்பே நிலத்தைப் பிரித்து வேலியிட்ட ஊர்களில் தசமபாகத்துக்குப் பதிலாக அப்போதே நிலம் கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள், பிறகு மேப் போட வேலையே இல்லை. லெஸ்டர்ஷயர், நார்த்தாம்ப்டன்ஷயர் பக்கம் தேடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் நாள் கணக்கில் தேடுகிறார்கள். துல்லியமும் ஊருக்கு ஊர் மாறும். அரசு முத்திரை பெற்ற முதல் தர மேப்புகள் சிறுபான்மை, மற்றவை பழைய எஸ்டேட் மேப்பைப் பார்த்து வரைந்ததாகக்கூட இருக்கலாம். அதனால் வயலை டைத்தில் தேர்ந்தெடுங்கள், வயலுக்குள் நிற்கும் இடத்தை 25 அங்குல மேப்பில் பிடியுங்கள். வேல்ஸுக்கு வேல்ஸ் தேசிய நூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இங்கிலாந்தில் செஷயர், நார்ஃபோக் போன்ற சில இடங்களில் இலவசம், மற்ற ஊர்களுக்குக் கட்டணத் தளம் அல்லது மாவட்ட ஆவணக் காப்பகம்.

டைத் இல்லாத ஊரில் அடுத்த நம்பிக்கை என்க்ளோஷர் மேப், அதாவது நிலத்தைப் பிரித்து வேலியிட்டபோது வரைந்த மேப். அளந்து கோடு போட்ட நேர்ச் சாலைகள் அதில் புதிதாக வந்தவை, வளைந்து நெளியும் பாதைகள் அதற்கு முந்தியவை, நம் கண் போக வேண்டியது வளைந்தவற்றின் மேல். அதற்கும் முந்திய படம் வேண்டும் என்றால் மாவட்ட மேப்புகள். எசெக்ஸுக்கு 1777-ல் சாப்மன், ஆண்ட்ரே இருவரும் போட்டது, நார்ஃபோக்குக்கு 1797-ல் ஃபேடன் வெளியிட்டது. ஃபேடனில் பின்னால் மறைந்துபோன மேய்ச்சல் நிலங்களும் காற்றாலைகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதை இன்றைய மேப்பின் மேல் ஒட்டிப் பார்த்து அடி அளக்கக் கூடாது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் என்று மட்டும் பார்க்க வேண்டும். 1611 வாக்கில் வந்த ஸ்பீடின் மேப்புகள் சுவரில் மாட்ட அழகு, வயல் தேட உதவாது. ஓகில்பி 1675-ல் போட்ட சாலைப் பட்டை மேப்புகள், உங்கள் வயல் ஒரு பழைய நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால் மட்டும் பயன்படும்.

விமானத்தில் இருந்து லேசர் வீசித் தரையின் மேடுபள்ளத்தை அளந்து எடுக்கும் லிடார் படத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். புல்தரையில் இடைக்கால உழவு வரப்புகளையும் வீடு நின்ற மேடுகளையும் அது காட்டும். ஆண்டுக்கணக்காக உழுத வயலில் எல்லாம் மட்டமாகிவிட்டிருக்கும், அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த மேப்பாக இருந்தாலும் அது காட்டுவது மக்கள் நடந்த, கூடிய, வேலை செய்த இடங்களை, அதாவது பொருள்கள் தவறி விழுந்த இடங்களை. புதைத்து வைத்ததை மேப் காட்டாது. 1992-ல் சஃபோக்கின் ஹாக்ஸனில் எரிக் லாஸ் என்பவர் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போய், ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள் கொண்ட புதையலைக் கண்டார். தோண்டிக்கொண்டே போகாமல் நிறுத்தித் தகவல் சொன்னார், தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். ஒவ்வொரு டிடெக்டர்காரரும் செய்ய வேண்டியது அதுதான்.

மேப்பில் சேப்பல், ரோமன் என்று ஆசை காட்டும் இடங்களில் பல, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். அனுமதி இல்லாமல் அங்கே டிடெக்டர் ஓட்டுவதே 1979 சட்டப்படி குற்றம், தோண்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பழைய சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியல் மேப்பில் உங்கள் வயலை முதலில் சரிபாருங்கள். நில உரிமையாளரிடம் அனுமதியும், கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 1996 சட்டப்படி புதையல் வகையில் வருவதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்புறம், இதைப் படித்துவிட்டு ஊரில் தாத்தா நிலத்தில் முயற்சி செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சொந்த நிலமாக இருந்தாலும்.