மூன்று வருடம் கழித்தும் நான் திறக்கும் மென்பொருள் பாடங்கள்

நிரல் என்றால் என்னவென்றே தெரியாமல் ஆரம்பித்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இதற்குள் ஐந்து வீடியோ கோர்ஸ், மூன்று புத்தகம், இரண்டு பயிற்சித் தளம் என்று பலவற்றைக் கையில் எடுத்திருக்கிறேன். வாங்கிய வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். ஆறு மாதம் கழித்தும் எதைத் திறக்கிறோம் என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது பைதான் என்ற நிரல் மொழிக்கான ஒரு வீடியோ கோர்ஸ். நல்ல குரல், தெளிவான விளக்கம். ஆனால் இரண்டாவது பாடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றேன். ஆசிரியர் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்ற கட்டளையை எழுதி, பக்கத்திலேயே மேற்கோள் குறிக்குள் ஒரு வார்த்தையைப் போட்டார். அவர் திரையில் அது அழகாக ஓடியது. அதையே எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினேன், எனக்கு சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய விதம் தப்பு என்ற செய்தி. என் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து அன்று மாலை முழுக்க பைதானை அழிப்பதும் மறுபடி நிறுவுவதுமாகவே போனது.

அது பைதான் 2-க்கான பாடம். பைதான் 3 வந்தது 2008-இல். அதில் பிரிண்ட் ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு), அடைப்புக்குறி போடாவிட்டால் ஓடாது. பைதான் 2-க்கான ஆதரவே 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. எந்தப் பதிப்புக்கான பாடம் என்று கோர்ஸ் முகப்பில் எங்கும் போடவில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது இன்னொன்று. 'அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது' என்று அந்த எரர் செய்தியே சொல்லியிருந்தது. அதைப் படிக்க வேண்டும் என்றுகூட அந்தப் பாடம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆசிரியருக்கு எரரே வராதபடி வெட்டி ஒட்டிய வீடியோவில் அதற்கு இடமும் இல்லை.

அதன்பிறகு எதை எடுத்தாலும் முதலில் பதிப்பையும் கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் பார்க்கிறேன். வலைப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் மொழி என்றால், மாறிகளை அறிவிக்க 2015-இல் வந்த லெட், கான்ஸ்ட் என்ற சொற்கள் பாடத்தில் இருக்கிறதா? ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் வலைத் திரைகள் கட்ட உதவும் நூலகம்) என்றால் அதில் 2019-இல் வந்த ஹூக்ஸ் என்ற வசதி இருக்கிறதா? இல்லையென்றால் மூடிவிடலாம். இரண்டு நிமிட வேலைதான்.

என்னை உண்மையில் தூக்கிவிட்டது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்பு. இலவசமாகவே பார்க்கலாம். கட்டளைக் கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் ஸ்கிராட்சில் ஆரம்பித்து சி மொழிக்குப் போகிறது. வகுப்புகளும் அருமைதான், ஆனால் எனக்குக் கைகொடுத்தவை வாராவாரம் தரும் கணக்குகள். ஆரம்பத்திலேயே ஒன்று வரும்: ஹாஷ் (#) குறிகளை அடுக்கி, வலப்பக்கம் ஒட்டி நிற்கும் ஒரு பாதிக் கோபுரம் வரைய வேண்டும். உயரம் எட்டு என்றால் முதல் வரியில் ஏழு இடைவெளி, ஒரு ஹாஷ். அடுத்த வரியில் ஆறு இடைவெளி, இரண்டு ஹாஷ். விடையைத் தர மாட்டார்கள். என் கோபுரம் முதலில் இடப்பக்கம் சாய்ந்தது, அப்புறம் தலைகீழாக நின்றது. கடைசியில் தாளை எடுத்து, வரி எண், இடைவெளி, ஹாஷ் என்று மூன்று பத்தி போட்டு எழுதினேன். வரி எண்ணை உயரத்திலிருந்து கழித்தால் இடைவெளி என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு நாள் ஆனது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எனக்கு அதற்குப் பிறகு குழப்பவே இல்லை. பத்து மணி நேரம் வீடியோ பார்த்தும் வராதது அந்த ஒரு தாளில் வந்தது.

பைதானின் அதிகாரபூர்வ டுடோரியலைத் தொடக்கத்திலேயே திறந்து பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேறு மொழியில் ஏற்கெனவே நிரல் எழுதியவர்களுக்குத்தான் அது சரி. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது அதே பக்கங்கள் சுலபமாக ஓடின. அதோடு இருக்கும் கேள்வி பதில் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். ஒரு லிஸ்டுக்கு (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) இரண்டாவது பெயர் வைத்து, அந்தப் பெயரில் ஒன்றைச் சேர்த்தால் முதல் லிஸ்டும் ஏன் மாறுகிறது என்பதை அங்கே அழகாக விளக்கியிருக்கிறார்கள். அந்தக் குழியில் நான் மூன்று முறை விழுந்திருக்கிறேன். வலைப் பக்கங்களுக்கு எம்டிஎன் என்ற ஆவணத் தளம் போதும். இன்றும் தினமும் திறக்கிறேன்.

தமிழ் வீடியோக்கள் பற்றிக் கேட்பீர்கள். கருத்து பிடிபட அவை நல்ல துணை. ஆனால் எரர் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், அதனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே பழகிக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த ஐந்து வீடியோ கோர்ஸிலும், நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்துவைக்கும் கிட் பற்றி ஒழுங்கான பாடம் இல்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கருவி, வேலைக்குப் போனால் முதல் நாளே தேவைப்படும். அதன் தளத்திலேயே முழுப் புத்தகம் இலவசமாக இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயம் இப்போதைக்குப் போதும். ஆரம்பத்திலேயே இதைப் படித்திருந்தால், ஒரே நிரலைப் பல பெயரில் சேமித்துவைத்துத் தேடிய நேரமெல்லாம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதப் பழக, பைதானுக்கான பைடெஸ்ட் என்ற கருவியின் ஆவணத்தை எடுத்திருக்கிறேன். அதன் முதல் உதாரணமே தோற்கும் டெஸ்ட்: மூன்றோடு ஒன்றைக் கூட்டிவிட்டு, விடை ஐந்தா என்று கேட்கிறது. வந்தது நான்கு, எதிர்பார்த்தது ஐந்து என்று சொல்லி, எந்த வரியில் தவறியது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே இதைக் கடைசிவரை படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.