வொர்க்கர்ஸ் காம்ப்: மூன்று வழிகளில் எதில் பணம் வீணாகிறது?

அமெரிக்காவில் ஓட்டல், கடை, கட்டட வேலை என்று சிறு தொழில் நடத்துகிறவர்கள், வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் அடிபடும் ஆட்களுக்காக முதலாளி எடுக்கும் இன்சூரன்ஸ்) பிரீமியம் ஏறியதும் வேறு கம்பெனியில் விலை கேட்கப் போய்விடுகிறார்கள். நான் கணக்கு எழுதும் கடைகளில் பார்த்தவரை பணம் ரேட்டில் போவதைவிட, சம்பளத் தொகையைத் தப்பாக எடுப்பதிலும் ஆளைத் தப்பான கிளாஸ் கோடில், அதாவது வேலை வகைக்கான எண்ணில், போடுவதிலும்தான் அதிகம் போகிறது. கணக்கு இவ்வளவுதான்: ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் அந்த வேலைக்கு உரிய ரேட், அதன்மேல் ஓரளவு பெரிய பாலிசி என்றால் பழைய விபத்துகளை வைத்து வரும் 'மாட்'. மாட் 1.20 என்றால் 20 சதவீதம் கூடுதல்.

பிரீமியம் கட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது பழைய முறை: வருடச் சம்பளத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, ஒரு பகுதியை டெபாசிட்டாகக் கட்டுகிறோம், வருடம் முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளத்தைச் சரிபார்க்க ஆடிட் வருகிறது. வியாபாரம் படுத்த வருடத்தில் நம் பணம் அவர்களிடம் சும்மா கிடக்கும். ஆனால் ஆடிட் என்று ஒன்று இருப்பதால் தப்பைத் திருத்த ஒரு வாய்ப்பும் இருக்கிறது. மணிக்கு 20 டாலர் வாங்குபவர் ஓவர்டைமில் 30 வாங்கினால், அந்த மேல் 10 டாலரைப் பெரும்பாலான மாநிலங்களில் கழிக்கலாம், ஆனால் சம்பளப் பதிவில் அது தனியாகத் தெரிய வேண்டும். சப் கான்ட்ராக்டரிடம் இன்சூரன்ஸ் சான்றிதழ் வாங்கி வைக்காவிட்டால் அவருக்குக் கொடுத்த பணமும் உங்கள் சம்பளக் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது பே-ஆஸ்-யூ-கோ. ஒவ்வொரு சம்பளத்தின்போதும் அன்றைய தொகைக்கு மட்டும் பிரீமியம். கையில் பணம் புரளும், அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் சாஃப்ட்வேர் எந்தத் தொகையை அனுப்புகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அட்லாண்டா பக்கம் எங்கள் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் ஓட்டலில் நடந்தது இதுதான். பரிமாறுகிற பெண்ணுக்கு மணிக்கு 2.13 டாலர், வாரம் 30 மணி நேரம், ஆக சுமார் 64 டாலர் சம்பளம். டிப்ஸ் மட்டும் 400. பிரீமியக் கணக்கில் டிப்ஸ் சேரக் கூடாது, ஆனால் வரிக்காக அது சம்பளச் சீட்டில் ஏறுகிறது, சாஃப்ட்வேரும் 464 என்று மொத்தத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. 64 டாலருக்குக் கட்ட வேண்டியதை ஏழு மடங்குக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்! ஒரு சர்வருக்கே இப்படி.

அதே ஓட்டலில் கணக்கு எழுதும் அம்மா தனி அறையில் உட்கார்கிறார், அவருக்கு 8810 என்கிற குமாஸ்தா கோடு, ரேட் மிகக் குறைவு. கூட்ட நேரத்தில் அவரைக் கல்லாவில் உட்கார வைத்தால் அந்தச் சலுகையே போய்விடும், முழுச் சம்பளமும் ஓட்டல் கோடுக்குப் போகும். இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது பி.இ.ஓ., அதாவது சம்பளம், இன்சூரன்ஸ் வேலைகளை நமக்காக ஏற்று நடத்தும் கம்பெனி. ஆட்களை அவர்கள் பாலிசியின் கீழ் கொண்டுபோய், வரி, நிர்வாகச் செலவு, காம்ப் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாக பில் போடுவார்கள். மாட் மோசமாகி, வெளியே யாரும் பாலிசி தரத் தயங்கும் தொழிலுக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும். மற்றவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். கிளாஸ் கோடு என்ன, டிப்ஸைக் கழித்தார்களா, எதுவும் பில்லில் தெரியாது. தெரியாத தப்பை எப்படித் திருத்துவது?

என் தேர்வு பே-ஆஸ்-யூ-கோதான், ஆனால் முதல் மாதமே சாஃப்ட்வேர் அனுப்பும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த முறையிலும் வருடக் கடைசியில் ஆடிட் உண்டு. அக்கா வீட்டில் டிப்ஸ், ஓவர்டைம் இரண்டையும் தனித்தனி பத்தியாகப் பிரித்து அந்த ஆடிட்டுக்கு அனுப்பினோம், கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்தது. அதற்கு முந்தைய வருடங்களின் தாள்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.